நோட்டுல இருநூத்திப் பதிமூணாவது பேரு

...மூஞ்சிக்கு நேரா சாத்துறா தலைவரே, மூஞ்சிக்கு நேரா! கவுண்டர் ஜன்னல் கண்ணாடி டப்புனு வந்து மூக்கு நுனியில நிக்குது. இன்னும் ஒரு நூல் முன்னால நின்னிருந்தேன்னு வைங்க, மூக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஏழரைக்கு வரச் சொன்ன எடத்துக்கு ஏழு மணிக்கே வந்து நிக்கிற மனுசன் நான். முப்பத்தோரு வருசமா லாரி ஓட்டுறவன். எங்கிட்ட என்ன சொல்றா? "உங்க லோட எடுக்க முடியாது. போய் உக்காருங்க." உக்காருங்களாம்! எங்க உக்கார்றது? இந்த நாற்காலியக் கொஞ்சம் பாருங்க. தரையோட சேத்து திருகு போட்டு முடுக்கி வச்சிருக்கான். என்னமோ டிரைவருங்க எல்லாம் ஆளுக்கொரு நாற்காலியத் தூக்கிட்டு ஓடிருவாங்கன்னு நெனப்பு. அந்தப் பேனாவையும் பாருங்க, சங்கிலி போட்டிருக்கு. ஜெயில்ல கூட கைதிக்கு இவ்வளவு சங்கிலி கெடையாது.

நகருங்க, நகருங்க, இப்படி ஓரமா ஒக்காந்துக்கிறேன். உங்களத்தான காலைல யார்டுல பாத்தேன்? பச்சை வண்டி? எம் பக்கத்துல நிறுத்திட்டு, ஜன்னல் வழியா ரெண்டு கையையும் தூக்கி ஆட்டு ஆட்டுனு ஆட்டுனீங்களே! நானும் ஆட்டுனேன். அப்பவே நெனச்சேன், அட, இந்தக் காலத்துலயும் முன்னபின்ன தெரியாதவனுக்கு வணக்கம் வைக்கிற மனுசன் இருக்கான்யான்னு. நான் ஹார்லன். ஹார்லன் ப்ரூயிட். உங்க பேரு? ...ம், சரி, அது கெடக்கட்டும், விசயத்துக்கு வரேன்.

இந்த விச்சிட்டா கிடங்குக்கு நீங்க புதுசா? ...புதுசோ பழசோ, இவளப் பத்தி தெரிஞ்சுக்கங்க. பேரு ரமோனா. மூக்குக் கண்ணாடிக்கு சங்கிலி கட்டி கழுத்துல தொங்க விட்டுருக்கா பாருங்க, அவதான். நான் கவுண்டர்ல போய் நின்னேன். வணக்கம் சொல்றாளா? நல்லாருக்கியான்னு கேக்குறாளா? ஆர்கன்சாலேருந்து வந்திருக்கானே, ஒரு காபி குடிச்சானா, ஒண்ணுக்குப் போனானான்னு ஒரு வார்த்த? ஆங், அது இன்னொரு கொடுமை! உள்ள எத்தன கழிப்பறை இருக்குன்னு நெனக்கிறீங்க? நாலு. டைல்ஸ் போட்டு, வாசன திரவியம் வச்சு. டிரைவருக்கு? அதோ, வேலியோரமா நிக்குது பாருங்க நீலக் கலர்ல ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஜூலை மாச வெயில்ல! உள்ள போனா பாதி வெந்துதான் வெளிய வரணும். நாம ஏத்திட்டு வர்ற கோழிக்கு குளுகுளுன்னு பெட்டி, ஏத்திட்டு வர்றவனுக்கு அடுப்பு.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், ரமோனா.

இந்த மாதிரி ஜென்மங்கள எப்படி சமாளிக்கிறதுன்னு ஒரு வித்தை இருக்கு தலைவரே. யாரும் சொல்லித் தர மாட்டாங்க, நான் சொல்றேன். மொத விசயம் என்னன்னா, அவங்க வாயத் தெறக்குறதுக்கு முன்னாடி நாம தெறந்துடணும். அவங்கள பேச விட்டோம்னு வைங்க, போச்சு, "அங்க நில்லு, இங்க நில்லு, அதத் தொடாத, இதத் தொடாத"ன்னு ஏறி மிதிச்சிருவாங்க. அதனால போன ஒடனே நாம ஆரம்பிச்சிடணும். இன்னிக்கும் அதான் பண்ணேன். ஜன்னல் தெறந்துச்சோ இல்லையோ, பிடிச்சேன். "இந்தாம்மா, டிரைவர் இல்லைன்னா உங்க ஊருல கடைகள்ல என்ன இருக்கும் தெரியுமா? வெறும் அலமாரி! நீ சாப்புடுற சாப்பாடு, நீ போட்டுருக்க சட்ட, இந்தக் கண்ணாடி, அந்தக் கண்ணாடிக்கு சங்கிலி, அத்தனையும் ஒரு டிரைவர் முதுகொடிய ஓட்டிட்டு வந்தது. அதனால டிரைவர்கிட்டப் பேசும்போது கொஞ்சம் மரியாத..."ன்னு, சும்மா மழ மாதிரி ஊத்துனேன். நடுவுல அவளும் என்னமோ முணுமுணுத்தா. விடுவேனா? கைய இப்படி காட்டி, "இரும்மா, நான் முடிச்சிக்கிறேன்"னுட்டேன். மூணு தடவ வாயத் தெறந்தா, மூணு தடவையும் மூடிட்டேன். எப்படி? ...என்ன, என்ன சொல்ல வந்தீங்க? இருங்க, இத முடிச்சிடுறேன், அப்பறம் நீங்க சொல்லுங்க.

அப்பறம் மொத விசயம் என்னன்னா, நோட்டு. இதோ, இந்த சின்ன சிவப்பு நோட்டு. சட்டப் பையிலயே இருக்கும். எந்த ஊருல எவன் மரியாத இல்லாமப் பேசுனாலும் பேர எழுதிருவேன். பேரு, ஊரு, தேதி, எவ்வளவு நேரம் காக்க வச்சான், கூடவே ஒரு பட்டம். பதினோரு வருசமா எழுதுறேன். பாருங்களேன். மெம்பிஸ், க்ளைட், பட்டம் 'குளவி'. மூக்கு நோண்டுற கையாலயே பில்ல நீட்டுவான். இது டல்சா, ஒரு பொம்பள, பேரச் சொல்ல மாட்டேன்னுட்டா, அதனால 'பேரில்லாப் பிசாசு'. இவன் டி மாயின்ஸ்ல, 'நடக்குற மலச்சிக்கல்'. சிரிக்கிறீங்கள்ல? நேர்ல பாத்தா அழுவீங்க.

கடைசிப் பக்கம் நல்லவங்களுக்கு. பதினோரு வருசத்துல ஒரே ஒரு பேருதான். நெப்ராஸ்கால ஒரு பெரியவரு, நான் பேசப் பேச சிரிச்ச மொகமா தலையாட்டிக்கிட்டே இருந்தாரு, போகும்போது ஒரு டோனட் குடுத்தாரு. தங்கமான மனுசன். அப்பறம்தான் தெரிஞ்சது, காது மெஷின அன்னிக்கு வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டாராம்.

விடுங்க. இங்க என்ன பிரச்சனைன்னு கேட்டீங்கள்ல? ...கேக்கலையா? சரி, கேட்டதா வச்சிக்கங்க. ஒண்ணுமே இல்ல தலைவரே. ஒரு இத்துனூண்டு தகரம். என் சுண்டு விரல் அகலம் இருக்குமா? ட்ரெய்லர் கதவுல கோழி ஆலைக்காரன் மாட்டுவான்ல சீலு, அந்தத் தகரத் துண்டு. அதுக்காக இருபத்திரண்டு அடுக்கு கோழித் தொடைய எடுக்க மாட்டேன்னு நிக்கிறா. கோழி நல்லாருக்கு. குளிர் சரியா இருக்கு, ஒரு டிகிரி ஏறல. நேரத்துக்கு வந்துருக்கு. ஆனா வேணாமாம். ஏன்னு கேட்டா, "சீல் வெட்டியிருக்கு."

வெட்டாம எப்படிம்மா கதவத் தெறக்குறது? கதவ ரெண்டையும் தெறந்து பின்னாடி மடக்கி மாட்டிட்டுத்தான வண்டிய ரிவர்ஸ்ல சரக்கு எறக்குற மேடையோட ஒட்டணும்? நாடு பூரா என்ன வழக்கம்? போ, சீல வெட்டு, கதவத் தெற, ஒட்டி நிறுத்து. நானும் அதான் பண்ணேன். ஜன்னல்ல அவளுக்கு பாடம் நடத்தி முடிச்ச கையோட நேரா யார்டுக்குப் போனேன், கத்திரிய எடுத்தேன், டக். அப்பதான நீங்க கை ஆட்டுனீங்க? ஆமா, அப்பதான். அரை நிமிசம் ஆகல, உள்ளேருந்து ஒருத்தன் மஞ்சச் சட்டையோட ஓடி வர்றான், என்னமோ நான் கோழி வயித்துல குண்டு வச்ச மாதிரி. "யாரு வெட்டுனது, யாரு வெட்டுனது?" நான்தான்யா வெட்டுனேன், உங்க தாத்தாவா வந்து வெட்டுவாரு? இங்க என்னமோ தனிச் சட்டமாம். இவங்க ஆளு கண்ணால பாத்து, நம்பர படிச்சு, இவங்க கையாலதான் வெட்டணுமாம். அத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தா?

என்ன? பின்னாடியா? என் பின்னாடி என்ன? ...ஓ, போர்டு. சரி, இருக்கு. 'டிரைவர்கள் சீலை வெட்டக் கூடாது. வெட்டினால் சரக்கு திருப்பி அனுப்பப்படும்.' சிவப்புல எழுதியிருக்கான். கதவு உசரத்துக்கு எழுதியிருக்கான். சரி, அத ஏன்யா நாற்காலிக்குப் பின்னாடி மாட்டுறீங்க? மனுசனுக்கு முதுகுலயா கண்ணு? ...ஜன்னலுக்குப் பக்கத்துலயும் ஒண்ணு இருக்கா? எங்க? ஆமா, இருக்கு. நான் ஜன்னல்ல நிக்கும்போது பேசிட்டிருந்தேன்ல, படிக்கிறதுக்கு எங்க நேரம்.

சரி, வெட்டுனது வெட்டியாச்சு. துண்டு என் கையில இருக்கு, நம்பர் தெளிவா இருக்கு, பில்லோட சேத்துப் பாத்துட்டு எறக்கிக்க வேண்டியதுதான? நானும் ஜன்னல்ல குடுத்தேன். பில்லப் பாக்குறா, துண்டப் பாக்குறா, என்னையப் பாக்குறா. பில்லுல சீல் நம்பர் எழுதுற கட்டம் காலி! வெறும் கட்டம்! என்னா கேள்வி கேக்குறா தெரியுமா? "இந்த சீலு ஆலைக்காரன் போட்டதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? வழியில கதவத் தெறந்து நாலு பொட்டிய எறக்கிட்டு, கடையில வேற சீல் வாங்கி மாட்டி, இங்க வந்து வெட்டியிருந்தா?" எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. முப்பத்தோரு வருசம்! ஒரு கோழிக் கால் எடுத்திருப்பேனா? ஒண்ணே ஒண்ணு? அந்தக் கோபத்துலதான் நாலு வார்த்த கூடச் சொன்னேன், கண்ணாடி மூக்குக்கு வந்துச்சு. நான் சும்மா விடல. அந்தப் பக்கம் போய் ஒக்காந்து நோட்ட எடுத்தேன். இருநூத்திப் பதிமூணாவது பேரு. படிக்கிறேன், கேளுங்க. 'ரமோனா. விச்சிட்டா. மூஞ்சி வினிகர்ல ஊறுன வெள்ளரிக்கா. கொரலு டயர்ல காத்து எறங்குற மாதிரி. கண்ணாடிக்கு சங்கிலி போட்டுருக்கா, நாக்குக்குல்ல போட்டுருக்கணும்.' எப்படி?

சிரிக்கவே மாட்டேங்கிறீங்களே. நீங்களும் ஒரு மாதிரி ஆளுதான்.

அந்தக் கட்டம் காலியா இருந்ததுக்குக் காரணம் யாரு? இருநூத்திப் பன்னெண்டு. வெண்டல். ஆர்கன்சா கோழி ஆலையில பில்லு போடுற ஆளு. முந்தாநேத்து போறேன், ஆளு சூரியகாந்தி வெத மென்னு தோல காபி கப்புல துப்பிக்கிட்டு இருக்கான். ஒம்பது மணி நேரம் தலைவரே! ஒம்பது மணி நேரம் வெளிய போட்டான். நடுவுல போய் கேட்டா தலைய நிமித்தாம "கூப்புடுறோம்" துப்பு, "கூப்புடுறோம்" துப்பு. கடைசியா லோடு ஏத்தி முடிச்சு பில்லு எழுத ஒக்காந்தான். அப்பப் புடிச்சேன் பாருங்க! "யோவ், ஒன் மூஞ்சியப் பாத்தா அந்தக் கோழிங்க தானா வந்து படுத்துக்குமேய்யா, கத்தியே வேணாமே"ன்னேன். ஆபீஸே நின்னு பாக்குது. பத்து நிமிசம். அவன் எழுதுறத நிறுத்திட்டு பாக்குறான். "என்ன பாக்குற? எழுது, என் நோட்டுல எழுது"ன்னு இத அவன் முன்னாடி போட்டேன். எத்தன மணிக்கு வந்தேன், எத்தன மணிக்கு விட்ட, எந்தக் கதவு, என்ன சீலு, எல்லாத்தையும் அவன் கையாலயே எழுத வச்சு கையெழுத்தும் வாங்குனேன். ஆதாரம் வேணும்ல? எழுதிக் குடுத்தான். பில்ல வெடுக்குனு புடுங்கிட்டு வந்துட்டேன். அந்தப் பரபரப்புல மடையன் பில்லுல நம்பர் எழுத மறந்துருக்கான். கவனம் இல்லாத ஆளு.

...அப்படிப் பாக்காதீங்க. என்னாலயா மறந்தான்? அவன் வேல அது.

இருங்க, மணி என்ன ஆச்சு? பத்தேகாலா?

உண்மையச் சொல்லட்டுமா தலைவரே? பயமா இருக்கு. வெளிய சத்தம் போடுறதெல்லாம் சும்மா. எங்க கம்பெனியில லோடு அனுப்புற மார்வின் போன மாசம் கூப்புட்டு வச்சுச் சொன்னான். "ஹார்லன், டல்சாலேருந்து ஒரு புகார், டி மாயின்ஸ்லேருந்து ஒரு புகார். இன்னொரு எடத்துல உன்னால ஒரு லோடு திரும்புச்சுன்னா சாவிய என் மேச மேல வச்சிட்டுப் போயிக்கிட்டே இரு." கத்தல. கத்தியிருந்தான்னா நானும் பதிலுக்கு கத்தியிருப்பேன். மெதுவாச் சொன்னான். அதான் பயம்.

வேலை போனா இன்னொரு வேலைன்னு சொல்வீங்க. வேலை இல்ல தலைவரே, வண்டி போயிரும். ஆறு வருசமா நான் அதுலதான் குடியிருக்கேன். வீடு என் சம்சாரம் டோரிஸுக்குப் போயிருச்சு. நல்ல பொம்பளதான். இருபது வருசம் பொறுத்துப் பாத்துட்டு, "ஹார்லன், ரேடியோவுக்காவது நிறுத்துறதுக்கு ஒரு திருகு இருக்கும்"னு சொல்லிட்டு வக்கீல்கிட்ட போயிட்டா. அதுலேருந்து நானும் நாயும்தான். நாய்க்கும் மார்வின்னுதான் பேரு வச்சிருக்கேன். "மார்வின், ஒக்காரு! மார்வின், செருப்ப எடுத்துட்டு வா!" மனசுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஆனா அந்த மார்வின் சாவிய வாங்கிட்டான்னா இந்த மார்வினுக்கும் எனக்கும் படுக்க எடம் இல்ல. என் கட்டிலு, என் காபி கெட்டிலு, எல்லாம் அந்த வண்டிக்குள்ள இருக்கு. ஐம்பத்தெட்டு வயசுல நாயப் புடிச்சுக்கிட்டு எந்தத் தெருவுல நிக்கிறது?

...தேங்க்ஸ். இல்ல, சக்கர வேணாம், அப்படியே குடிக்கிறேன். நல்ல மனுசன் நீங்க.

அய்யோ, ஜன்னல் தெறக்குது. என்னையத்தான் கூப்புடுறா. வரேம்மா! எடத்தப் பாத்துக்கங்க, காபியையும் பாத்துக்கங்க...

...

கேட்டீங்களா கூத்த? கேக்கல? கொஞ்சம் தள்ளுங்க.

இந்த அம்மா மூணு மணி நேரமா என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்கன்னு நெனக்கிறீங்க? நான் நெனச்சேன், நகம் வெட்டிக்கிட்டு இருக்கான்னு. இல்ல. ஆர்கன்சாவுக்கு போன் போட்டுக்கிட்டே இருந்துருக்காங்க. ஆறு தடவ! ஆலையில ஒருத்தனும் எடுக்கல, ஏழாவது தடவ யாரு எடுத்தது? வெண்டல். அவன்தான். என் நேரம் பாருங்க. "ஹார்லன் ப்ரூயிட்னு ஒரு டிரைவர், சீல் நம்பர் என்ன"ன்னு கேட்டுருக்காங்க. அவன் வெதயத் துப்பிட்டு சிரிச்சானாம். "அந்த வாயா? மறக்க முடியுமா? அந்தாளு பேசுன பேச்சுலதான் நான் பில்லுல எழுதவே மறந்தேன். சீல போட்டது நான்தான். ஆனா நம்பர் எனக்கு நெனப்பு இல்ல. அவன் நோட்டுல என் கையாலயே எழுதியிருக்கேன், கையெழுத்தும் இருக்கு, அத வாங்கிப் பாருங்க. அதுல இருக்குற நம்பரும் துண்டுல இருக்குற நம்பரும் ஒண்ணா இருந்தா லோட எடுத்துக்கங்க, நான் பொறுப்பு"ன்னுருக்கான்.

நல்லவன்யா. நான் அப்பவே சொல்லல?

இந்த அம்மாவும் ஒத்துக்கிட்டாங்க. "நோட்ட எடுத்துட்டு வாங்க, நம்பர் சரியா இருந்தா எறக்கிடலாம்"னாங்க. சந்தோசமா பையில கைய விட்டேன் தலைவரே. விட்ட கை அப்படியே நின்னு போச்சு.

இருநூத்திப் பன்னெண்டு வெண்டல். இருநூத்திப் பதிமூணு?

ஆமா.

பக்கத்த கிழிச்சுக் குடுத்துடலாம்னுதான சொல்றீங்க? பாருங்க. இந்தப் பக்கம் வெண்டல். திருப்புங்க. வெள்ளரிக்கா. ஒரே தாளு! முன்னாடி என் வாழ்க்க, பின்னாடி அதுக்கு வேட்டு. அழிச்சிடலாமா? பேனா மை, அதுவும் அழுத்தி எழுதியிருக்கேன், அந்தப் பக்கம் வரைக்கும் ஊறி நிக்குது. 'நாக்கு'ங்கறது வெண்டல் கையெழுத்துக்கு மேலயே தெரியுது பாருங்க. கிறுக்கி வச்சா? கையெழுத்து கெட்டுப் போகும், ஒத்துக்க மாட்டாங்க. காபிய ஊத்தி... வேணாம், நம்பரும் போயிரும்.

தலைவரே, நீங்க எடுத்துட்டுப் போய் காட்டுங்களேன்? உங்க மேல ஒரு கோபமும் இல்ல அவங்களுக்கு. உங்ககிட்ட எவ்வளவு தன்மையா பேசுனாங்க, நான் பாத்தேனே. போனீங்க, ரெண்டு வார்த்த பேசுனீங்க, அவங்க சொன்னத கேட்டீங்க, சிரிச்சாங்க, வந்து ஒக்காந்துட்டீங்க. என்ன மாயம் பண்ணீங்கன்னே தெரியல. நம்பர விரலால காட்டிட்டு ஒடனே மூடிருங்க. ...மாட்டீங்களா? சரி. சரி, நியாயம்தான். நான் எழுதுனது, நான்தான் கொண்டு போகணும்.

வரேன் மேடம்! வந்துட்டேன், வந்துட்டேன்... இந்தாங்க மேடம். இங்க பாருங்க, இந்தப் பக்கம், இந்த வரி. நம்பரு. கீழ கையெழுத்து. சரியா இருக்கா? இருக்குல்ல? ரொம்ப சந்தோசம். நோட்டக் குடுத்துருங்க மேடம். இல்ல, நகல் எல்லாம் எதுக்கு... ஒரு பக்கம் மட்டும் எடுங்க மேடம், திருப்ப வேணாம், பின்னாடி ஒண்ணும் இல்ல, அது வீட்டு விசயம்... மளிகைக் கணக்கு... மேடம்... ஆமா, வெள்ளரிக்கா வாங்கணும்னு எழுதி வச்சது... மேடம், அந்தப் பேரு கூப்புடுற மைக்கு ஆன்ல இருக்கு மேடம்...

...

திருப்பிட்டாங்க தலைவரே.

நீங்கதான் கேட்டீங்களே. ரூம் பூராவும் கேட்டுச்சு. அந்த டயர் வரிய மைக்குல ஏத்த எறக்கத்தோட படிச்சாங்க பாருங்க, அங்க அந்த மூலையில ஒருத்தன் சிரிச்ச சிரிப்புல காபி மூக்கு வழியா வந்துருச்சு. அதோட விட்டாங்களா? முன்னாடி பக்கத்துக்குப் போயிட்டாங்க. 'நடக்குற மலச்சிக்கல்' வரைக்கும் படிச்சாச்சு. மஞ்சச் சட்டைக்காரன் உள்ளேருந்து ஓடி வந்து, "என் மச்சான் டி மாயின்ஸ்லதான் வேல பாக்குறான், அவனேதான் இது"ன்னு கண்ணத் தொடச்சிக்கிறான். எனக்கு எங்க மூஞ்சிய வச்சிக்கிறதுன்னு தெரியல. நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

அப்பறம் என்ன பண்ணாங்க தெரியுமா? கோபமே படல. சங்கிலிப் பேனாவ இழுத்தாங்க. அவங்க பேரு இருந்த பக்கத்துலயே, நான் எழுதுனதுக்குக் கீழயே, என்னமோ எழுதி கையெழுத்துப் போட்டாங்க. நோட்ட ஜன்னல் வழியா தள்ளிட்டு கண்ணாடிய மூடிட்டாங்க. மெதுவா மூடுனாங்க. இதோ, நான் இன்னும் படிக்கல. கண்ணு மங்கலா இருக்கு, இருங்க.

'ஏழு மணி அஞ்சு நிமிசம். சீலை வெட்டாதீங்கன்னு சொன்னேன். ஏழு மணி ஆறு நிமிசம். மறுபடியும் சொன்னேன். ஏழு மணி எட்டு நிமிசம். மறுபடியும் சொன்னேன். ரமோனா.'

மூணு தடவ.

மூணு தடவ வாயத் தெறந்தாங்கன்னு நான்தான சொன்னேன் உங்ககிட்ட? அது இதுதானா? நான் என்னமோ எதுத்துப் பேச வர்றாங்கன்னு... கைய வேற காட்டுனேனே தலைவரே, இரும்மா, நான் முடிச்சிக்கிறேன்னு. சே.

உங்களுக்கும் தெரியும்ல? நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? ...சொன்னீங்களா? எப்ப? யார்டுலயா? யார்டுல நீங்க எங்க சொன்னீங்க, வணக்கந்தான வச்சீங்க, ரெண்டு கையையும் தூக்கி இப்படி இப்படி...

அது வணக்கம் இல்லையா?

அட கடவுளே. வேணாம் வேணாம்னு ஆட்டுனீங்களா? நான் என்ன பண்ணேன், கத்திரியோட சேத்து பதிலுக்கு ஆட்டிட்டு டக்குனு வெட்டிட்டேனே! கத்துனீங்களா வேற? ஜன்னலத் தெறந்து கத்துனீங்களா? எனக்கு கேக்கவே இல்லையே. நான் அப்ப தனியா பேசிக்கிட்டு இருந்தேன், அவளுக்கு இன்னும் என்ன என்ன சொல்லியிருக்கணும்னு. டோரிஸ் சொன்னா தலைவரே. இருபது வருசம் சொன்னா. அவ என்னென்ன சொன்னாளோ, அதுல எத்தன எனக்கு வேண்டியதோ, ஒண்ணும் நான்... இருங்க, உங்க பேரு கூட நான் கேட்டேன், நீங்க சொன்னீங்க, எனக்கு... பேரு என்ன சொன்னீங்க? காலையிலயே சொன்னீங்கள்ல? இப்ப சொல்லுங்க, நான் பேசல. இந்த நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதப் போறேன், டோனட்காரருக்குக் கீழ. காபி குடுத்தவரு, கை ஆட்டுனவருன்னு. முப்பத்தோரு வருசத்துல எனக்காக கை ஆட்டுன ஒரே ஆளு நீங்கதான், அதக் கூட நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் பாருங்க. உண்மையிலயே சொல்றேன், இனிமே போற எடத்துல எல்லாம் மொதல்ல அவங்க பேசட்டும்னு விட்டுட்டு நான் பாட்டுக்கு...

தலைவரே?

எங்க போயிட்டாரு? காபி கப்ப கூட எடுத்துட்டுப் போயிட்டாரு. அந்தப் பச்சை வண்டி நகருது. அவர் வண்டிய ஒட்ட வேண்டிய கதவு நம்பரக் கூப்புட்டுட்டாங்க போல. எப்பக் கூப்புட்டாங்க? எனக்கு கேக்கவே...

என்னங்க, நீங்க, மூலையில இருக்குறவரே. மூக்கு வழியா காபி விட்டவரே. என் பேரு எதாவது கூப்புட்டாங்களா? ...கூப்புட்டாங்களா! லோட எறக்கப் போறாங்களா! கதவு நம்பர் சொன்னாங்களா? என்ன நம்பரு? ...நீங்களும் கவனிக்கலையா? ஏன்? ...நான் பேசுனது சத்தமா இருந்துச்சா. சரி. சரி, தப்பு என் மேலதான்.

மேடம். மேடம், ஒரு நிமிசம் கண்ணாடியத் தெறக்குறீங்களா? நான்தான், ஹார்லன். ஆமா, வெள்ளரிக்கா. கதவு நம்பர் சொன்னீங்களாம், எனக்கு கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க மேடம். நான் வாயில கைய வச்சிக்கிறேன். இதோ, வச்சிட்டேன். ம். ...ம்.